நூலின் மறுமுனை

கடற்கரைச் சாலையில் நடைபாதை போட்டவன் நான்தான். நடைபாதை என்று நகராட்சிக் காகிதத்தில் எழுதுவார்கள். ஊரில் எல்லாருக்கும் அது பிளாட்பாரம். ஒரு சிமெண்டுப் பலகை ஆடினால், "எவம்லே இதப் போட்டது?" என்று என் பரம்பரையையே இழுப்பார்கள். ஆடாமல் கிடக்கிற முந்நூறு பலகைகளைப் பற்றி ஒருத்தன் வாயைத் திறக்கமாட்டான். துணி துவைக்க ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போவான், ஓரக்கல் பக்கத்தில் முளை அடித்து ஆட்டைக் கட்டுவான், பிறகு அவனே தடுக்கி விழுந்து அதற்கும் என்னைத் திட்டுவான். பாஸ்கல் கொத்தனான எனக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. புதுத் துறைமுகம் வந்த கையோடு உப்பு லாரிகள் கடற்கரைச் சாலையைத் தங்கள் அப்பன் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்டன. பழைய பிளாட்பாரம் சந்தை முக்கோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே வள்ளக்கரை வரைக்கும் ஜனங்கள் ரோட்டில்தான் நடக்க வேண்டும். அந்த வழியில்தான் என் தங்கை கிளாடிஸின் வீடு. முந்தின வருஷம் ஒரு லாரி அவளை உரசிக்கொண்டு போனதில் தோள் பிசகி, இரண்டு மாதம் கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். அதனால், பிளாட்பாரத்தை வள்ளக்கரை வரை நீட்டப்போகிறார்கள் என்று ஓவர்சியர் மந்திரமூர்த்தி சொன்னபோது, கொத்தனார்களில் முதல் ஆளாக நான் வருகிறேன் என்றேன். அவளுக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லது அதுதான் என்று நினைத்தேன்.

ஒரே நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பிறவிக் கொத்தன் இல்லை. அதற்கு ஆறு வருஷம் முன்புவரை சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடித்தவன். குளியாளி கயிற்றின் ஒரு முனையோடு கடலடிக்குப் போவான். மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். மூச்சு முட்டினால் கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான், மேலே இருப்பவன் அந்த நொடியே அவனைத் தூக்க வேண்டும். அப்படி உயிரை யார் கையில் கொடுப்பது? எங்கள் கரையில் அதற்கு ஒரே பதில்தான்: பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில். தன் தங்கச்சி தாலியறுத்து நிற்பதைப் பார்க்க எந்த அண்ணனுக்குத்தான் மனசு வரும்? அப்படித்தான் கிளாடிஸின் புருஷன் அம்புரோஸின் கயிறு என் கைக்கு வந்தது.

அம்புரோஸ் நல்லவன். ஆனால் விளையாட்டுப் புத்தி. மூச்சு நிறைய இருக்கும்போதே கயிற்றைச் சுண்டுவான். நான் பதறிப்போய்க் கை எரிய எரிய இழுத்து மேலே கொண்டுவந்தால், தலையைச் சிலுப்பிக்கொண்டு, "முழிச்சிருக்கியான்னு பாத்தேன் மச்சான்" என்பான். வள்ளமே சிரிக்கும். அன்றைக்குக் காலையில் அப்படி இரண்டு தடவை செய்தான். ஒன்பது பாகம் ஆழம். பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். மூன்றாவது தடவை கயிறு சுண்டியபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கொஞ்சம் கிடக்கட்டும் என்று விட்டேன். மறுபடி இரண்டு தடவை சுண்டியது. அதற்கும் நான் அசையவில்லை. பிறகு ஒரு நீண்ட இழுப்பு. என் சுட்டுவிரல் தோலை உரித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் இழுத்தேன். கையை நுழைத்துக்கொள்கிற வளையம் மட்டும் வெறுமையாக மேலே வந்தது.

மற்றக் குளியாளிகள் பொழுது சாயும்வரை முங்கித் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. வள்ளத்தில் ஒவ்வொருத்தன் கண்ணும் அவனவன் கயிற்றில் இருந்ததால் நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை. கரையில் கிளாடிஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கயிறு அசைஞ்சுதா அண்ணே?"

"அசையல" என்றேன்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். வேறு நியாயம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கயிறு அசையவில்லை என்றால் அவருக்கு மூச்சு முட்டவில்லை. மூச்சு முட்டாத குளியாளி எப்படிச் சாவான்? எங்கேயோ தள்ளி ஏறியிருக்கிறார், கொழும்புக்குப் போகிற தோணி எதிலோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், வந்துவிடுவார். குளியாளியின் பெண்டாட்டிக்குத்தான் அப்படி யோசிக்கத் தோன்றும். தாலியைக் கழற்றவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியோடு போகும்போது அவள் வீட்டில் இருப்பாள். ஆத்துமத்துக்குப் பூசை வைக்கலாமே என்று சாமியார் சொன்னதற்கு, "உசுரோட இருக்கவருக்கு எதுக்குச் சாமி?" என்று கேட்டுவிட்டாள். தினமும் சாயங்காலம் வள்ளக்கரைக்கு இறங்கிப்போய், வந்து நிற்கிற தோணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

நான் உண்மையைச் சொன்னால் அவள் காத்திருப்பது முடியும். எனக்கு ஒரு தங்கச்சி இருப்பதும் முடியும். ஆறு வருஷமாக நான் என் பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டேன்.

பிளாட்பாரத்துக்கு வருகிறேன். ஓரக்கல்லை நூல் பிடிக்காமல் வைக்க முடியாது. இந்த முனையில் ஒரு முளை, தள்ளி அந்த முனையில் ஒரு முளை, நடுவில் விறைப்பாக ஒரு நூல். அதை ஒட்டிக் கல் வைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் நாள் புது நூல்கண்டைப் பிரித்து, கையை விரித்து அளந்து வெட்டினேன். வெட்டிய பிறகுதான் கவனித்தேன். ஒன்பது பாகம். மந்திரமூர்த்தி ஐம்பது அடி என்று சொல்லியிருந்தார். என் கை தன் பழைய அளவைப் போட்டிருக்கிறது. மறுபடி வெட்டச் சோம்பல். அதையே கட்டினேன்.

பலகைக்கு அடியில் கொட்ட ஆற்று மணல் கிடைக்கவில்லை. எல்லா மணலும் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காளவாசலில் சுண்ணாம்புக்கு எரித்ததுபோக மிஞ்சின பவளக்கல் கரையில் குவிந்து கிடந்தது. கடலடியிலிருந்து வந்தது. அதை வண்டியில் ஏற்றிவரச் சொல்லிவிட்டார் மந்திரமூர்த்தி. அவர் மேற்கே பனங்காட்டுக்காரர்; கடலில் கால் நனைத்திருப்பாரோ என்னவோ.

"இது வேண்டாம் சார்" என்றேன்.

"ஏம்லே? கல்லுதான? கடல்ல கெடந்தா என்ன, காட்டுல கெடந்தா என்ன? கொட்டி இடி."

கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்தோம். கல் அள்ளிப்போடுகிற சித்தாள் சீனித்தாய்தான் முதலில் சொன்னாள்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லு காயவே மாட்டேங்கு. தொட்டுப் பாருங்க."

சித்திரை வெயில். ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. நான் கல்லுக்குள் கையை விட்டேன். சில்லென்று இருந்தது. ஆறு மாதம் கரையில் காய்ந்த கல் அது. விரலை நாக்கில் வைத்தால் உப்பு. உடனே துப்பிவிட்டு, "வேலயப் பாரு ஏளா" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

நாலாம் நாள் உச்சிப்பொழுது. மற்றவர்கள் பூவரச மரத்தடியில் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். நான் ஒரு ஓரக்கல்லைச் சரிபார்க்க நூலைச் சுட்டுவிரலில் தாங்கிக்கொண்டு குனிந்திருந்தேன். நூல் சுண்டியது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மறுமுனையில் முளை மட்டும் நின்றது. ஆள் இல்லை, ஆடு இல்லை. வெயிலில் அந்த முளைக்கு நிழல்கூட இல்லை. மறுபடி இரண்டு தடவை சுண்டியது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதுவும் வந்தது. நீளமாக, மெதுவாக, ஒரு இழுப்பு. சுட்டுவிரலில் பழைய தழும்பு இருந்த இடத்திலேயே நூல் அறுத்து ரத்தம் வந்தது. நான் நூலை விட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினேன்.

"காத்துதாம்லே" என்றார் மந்திரமூர்த்தி. வள்ளக்கரையில் ஒரு பாயும் அசையவில்லை, பூவரசில் ஒரு இலையும் அசையவில்லை. அவர் வந்து நூலைத் தட்டிப் பார்த்தார். "தொய்ஞ்சு கெடக்கு. இழுத்துக் கட்டு. வெயில்ல வெறும் வயித்தோட நின்னா இப்பிடித்தான்."  ஆனால் அதற்குப் பிறகு சீனித்தாய் நூலைத் தாண்டமாட்டாள். முளையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

தினமும் உச்சிக்கு அது வந்தது. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு அந்த நீளம். நான் அந்த நேரத்தில் நூலைத் தொடுவதை நிறுத்தினேன். தொடாவிட்டாலும் பார்க்கலாம், விறைத்த நூல் தானாகத் துள்ளும். வேலை தெற்கே போகப்போக, கிளாடிஸின் வீட்டை நெருங்க நெருங்க, முளையே தரையில் ஆடத் தொடங்கியது. ராத்திரி வீட்டுக்குப் போய் ஜெபம் சொல்வேன். என்ன ஜெபம் சொல்லி என்ன? ஆண்டவரிடம்கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கள் குடித்ததைச் சொல்வேன், கெட்ட வார்த்தை பேசியதைச் சொல்வேன், கயிற்றை மட்டும் விழுங்கிவிடுவேன்.

அவள் வீட்டு வாசலுக்கு நேராகப் போட்ட பலகை நிற்கவே இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, இடித்து, இறுக்கிவிட்டுப் போவேன். காலையில் வந்தால் கடல் பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். மேலே தண்ணீர் தேங்கியிருக்கும். மூன்று தடவை பெயர்த்துப் போட்டேன். மூன்றாம் தடவை அடியில் பவளக்கல்லுக்கு நடுவே ஒரு சங்கு கிடைத்தது. செத்து வெளுத்த சங்கு இல்லை. மேல்தோல் உரியாத, சதை உள்ளே இருக்கிற பச்சைச் சங்கு. அதை மண்வெட்டியோடு அள்ளிக் கடலில் எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இது எதுவும் தெரியாமல் கிளாடிஸ் சந்தோஷமாக இருந்தாள். அதுதான் என்னைக் கொன்றது. பதினோரு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவாள். புதுப் பலகைமேல் வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடந்து பார்ப்பாள்.

"நல்லா வழுவழுன்னு இருக்கு அண்ணே. அவரு வந்தா ரோட்டுல நடக்க வேண்டாம் பாத்தியா. வள்ளக்கரையில எறங்குனா நேரா வீட்டு வாசலுக்கு வந்துரலாம்."

காப்பியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பலகையைத் தூக்கினேன்.

கடைசி நாள் மிச்சமிருந்தது அவள் வாசலிலிருந்து வள்ளக்கரை வரைதான். சரியாக ஒரு நூல் தூரம். வாசலில் ஒரு முளை, மணலில் ஒரு முளை. உச்சிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பிசாசு பிடித்தவன் மாதிரி வேலை செய்தேன். முடியவில்லை. சிமெண்டு வண்டி தாமதமாக வந்தது. மாதா கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தபோது ஆட்கள் சாப்பிடப் போனார்கள். நானும் எழுந்தேன். அப்போது கிளாடிஸ் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

நூல் சுண்டியது.

அவள் பார்த்துவிட்டாள். முதலில் சிரித்தாள், ஏதோ ஆடு இடறிவிட்டது என்று. மணலைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. நூல் மறுபடி இரண்டு தடவை துள்ளியது. அவள் சிரிப்பு நின்றது. குளியாளி பெண்டாட்டி அவள். கல்யாணமான புதிதில் அம்புரோஸ் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி, எத்தனை சுண்டினால் என்ன அர்த்தம் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவள் குனிந்து நூலைக் கையில் பிடித்தாள். நீளமான அந்த இழுப்பு அவள் கைக்குள்ளேயே வந்தது. உடம்பு முழுக்க ஒரு தடவை குலுங்கியது.

"இது காத்து இல்ல" என்றாள்.



"அண்ணே, மூச்சு முட்டுது அவருக்கு. ஏன் நிக்க? இழு!"

என் கை எழவில்லை. அன்றைக்குக் கோபத்தில் எழவில்லை, இன்றைக்குப் பயத்தில் எழவில்லை. அந்த வெயிலில், அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, இனிமேல் ஒரு நாளும் இந்தப் பொய்யைச் சுமக்க என்னால் ஆகாது என்று தெரிந்தது. தைரியம் வந்து சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். தாங்க முடியாமல் சொன்னேன்.

"அன்னைக்கும் அசைஞ்சுது கிளாடிஸ்."

அவள் நூலை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன தடவ?"

"இப்ப அசைஞ்ச மாதிரியே."

"நீ என்ன செஞ்ச?"

"வெளயாடுதான்னு நெனச்சேன். கோவத்துல... கொஞ்சம் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. முளையிலிருந்து என் பக்கத்து நூலை அவிழ்த்தாள். நான் பதறி, நானும் பிடிக்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"விடு" என்றாள். "ஒங் கையில இருந்தா அவரு ஏற மாட்டாரு."

அவள் இழுத்தாள். பிசகின தோளோடு, கைமேல் கை மாற்றி. வெயிலில் காய்ந்த மணல்மேல் கிடந்த நூல் அவள் கைக்கு வரும்போது நனைந்திருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. பாரம் இருந்தது, அவள் குதிகால் பலகையில் ஊன்றியிருந்ததையும் கழுத்து நரம்பு புடைத்ததையும் பார்த்தேன். என் வாய் தானாக எண்ணியது. ஐந்து பாகம். ஆறு. ஏழு. எட்டாவது பாகத்தில் பலகைக்கு அடியில் கல் நெரிகிற சத்தம் கேட்டது. ஒன்பதில் பாரம் சட்டென்று விட்டுவிட்டது.

மணலில் முளை நின்ற இடத்திலேயே நின்றது. அதில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. ஆனால் கிளாடிஸின் கையில் இருந்த நூலின் நுனியில் ஒரு வளையம். கை நுழைகிற அளவு. நான் அப்படி ஒரு வளையம் போடவில்லை.

அவள் அந்த வளையத்துக்குள் தன் கையை விட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். ஆறு வருஷத்து அழுகை அது. மரத்தடியிலிருந்து சீனித்தாய் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் கிட்டே போனபோது கிளாடிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நூல் முழுவதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்புரோஸின் ஆத்துமத்துக்குப் பூசை நடந்தது. வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. நான் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு, உடல் இல்லாத இடத்தில், கடலைப் பார்த்து ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறாள். வள்ளக்கரையில் தோணி பார்ப்பதை விட்டுவிட்டாள். இப்போது எந்த நூலும் தானாகச் சுண்டுவதில்லை. அவள் வாசல் பலகை அதற்குப் பிறகு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ஊரிலேயே உறுதியான பிளாட்பாரம் என்று மந்திரமூர்த்தி மேலதிகாரிகளை எல்லாம் கூட்டிவந்து காட்டினார்.

மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் பழுது பார்க்கப் போகிறேன். பழுது ஒன்றும் இருக்காது. இருந்தாலும் போகிறேன். கிளாடிஸ் இப்போது வேலைக்குப் போகிறாள்; அவள் கிளம்புகிற நேரம் எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவாள். வாசல் பலகையை ஒரே எட்டில் தாண்டி நேரே ரோட்டில் இறங்கிவிடுவாள். நான் போட்ட எந்தப் பலகையிலும் அவள் கால் படுவதில்லை. முதல் மாதம், "ஏளா, மேல ஏறி நட, லாரி வருது" என்று கத்திப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. இப்போது கத்துவதில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சந்தை முக்குவரை, உப்பு லாரிகள் சேலைத் தலைப்பை உரசிப் போக, ரோட்டின் ஓரத்திலேயே நடந்து போகிறாள். பின்னால் ஹாரன் கேட்கும்போதெல்லாம் என் கை, அங்கே இல்லாத ஒரு கயிற்றை இழுக்கப் போகிறது.